தம்பிக்கு எழுதிய கர்ப்பப் பரிசோதனை

என் தம்பி லிஃப்ட் மெக்கானிக். மோட்டார் ஓடும்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான், கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவான். சத்தம் போடாத மெஷினைத் தொடவே மாட்டான். அதே புத்தியை உடம்பிலும் காட்டியதுதான் வினை. இடது விரையில் ஒரு கட்டி. வலியில்லை என்று மாதக்கணக்கில் மறைத்திருக்கிறான். கூட வேலை செய்பவன் வாய்தவறி உளறித்தான் எனக்கே தெரிந்தது.

"வலிச்சா நானே போயிருக்க மாட்டேனா?" என்று வேறு கேட்டான். காதைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டரிடம் கூட்டிப்போனேன். அப்பா அம்மா போனபிறகு எனக்கென்று இருப்பது இந்த ஒரு ஜீவன்தான்.

டாக்டர் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுத்தார். லேபில் ரத்தம் எடுக்கும் பெண் சீட்டைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"சார், இதுல ஒண்ணு கர்ப்பமான்னு பாக்கற டெஸ்ட். சீட்டு மாறிப்போச்சு போல."

தம்பிக்குக் கேட்கவா வேண்டும்? "பாத்தியாக்கா, வா போலாம்," என்று சட்டைக் கையை இறக்கிவிட்டான்.

நான் அசையவில்லை. "டாக்டருக்கு ஒரு போன் போடும்மா," என்றேன். போட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. விந்து உண்டாக்கும் செல்களில் சிலவகைக் கட்டி வந்தால், கர்ப்பிணிக்குச் சுரக்கும் அதே ஹார்மோன் ஆணின் ரத்தத்திலும் ஏறுமாம். "மன்னிச்சுக்கோங்கக்கா," என்று ஊசியை எடுத்தாள். வேலைக்குப் புதுசு, பாவம்.

ஹார்மோன் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஸ்கேனிலும் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்து அந்த விரையை எடுத்துவிட்டார்கள்.

"புள்ளத்தாச்சி, மெதுவா நட," என்று கிண்டலடித்தேன். அவனும் சிரித்தான். ஆனால் டாக்டர் சொன்னதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஹார்மோன் படிப்படியாக இறங்கி நார்மலுக்கு வரவேண்டும். பாதியில் நின்றுவிட்டால் உடம்பில் வேறெங்கோ புற்றுநோய் மிச்சமிருக்கிறது என்று அர்த்தம், கீமோ கொடுக்க வேண்டும். தம்பியோ ஒன்றுமே நடக்காததுபோல வேலைக்குக் கிளம்பிவிட்டான்.

முக்கியமான அந்த ரிப்போர்ட் என் போனுக்கு வந்தபோது அவன் ஓர் அலுவலகக் கட்டடத்தின் உச்சி மாடியில் இருந்தான். போனை எடுக்கவில்லை. கிளம்பிப் போனேன். லிஃப்டைக் கழற்றிப் போட்டிருந்தான் புண்ணியவான். படியேறி மேலே போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது, பேச்சு வரவில்லை. கண்ணீர் மட்டும் தாராளமாக வந்தது.

அவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துணியில் துடைத்தான்.

"சரிக்கா, அழாத. மருந்து எப்போ ஆரம்பிக்கணும்?"

"நார்மல்டா, மடையா!"

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

"ஒரு சத்தமும் இல்லியேக்கா," என்றான். "தினம் படுத்துக்கிட்டு, உள்ள ஏதாவது கேக்குதான்னு காது குடுத்துக்கிட்டே இருந்தேன்."