செம்பட்டைத் தாடியும் முதல் மீனும்

அட்ராக்டா முல்ரோவின் தொப்பியில் ஏழு வருடமாகக் குத்தியிருக்கும் பொய் ஈ, அதாவது மீனை ஏமாற்றும் தூண்டில் இரை, கறிக்கடை ஃபெஸ்டி லைடனின் தாடி மயிரில் கட்டியது என்று கோரிப் ஏரிக்கரை முழுக்கப் பேச்சு. காதல் சின்னமாம், அதனால்தான் நனைக்கவில்லையாம்.

விசாரித்ததில் தாடி உண்மை, காதல் பொய். பள்ளிக்கூட பஸ் ஓட்டும் அட்ராக்டாவிடம் ஏதோ பந்தயத்தில் தோற்று ஃபெஸ்டி தாடியை எடுத்தார். அந்தச் செம்பட்டை மயிரைத் தூண்டில் முள்ளில் சுற்றி இரண்டு ஈ கட்டினார். தனக்கென்று வைத்துக்கொண்டதை டிரவுட் மீன்கள் கல்யாணப் பந்தி மாதிரி மொய்த்தன. ஒரு வாரத்தில் பாறையிடுக்கில் சிக்கி அறுந்துபோனது. மற்றதை அட்ராக்டாவுக்குத் தந்தபோது ஒரே நிபந்தனை: அதில் மாட்டும் முதல் மீன் அவருக்கு. மறுபடி வளர்ந்த தாடியோ வெள்ளை, இன்னொன்று கட்ட வழியில்லை.

அட்ராக்டாவின் நியாயம் வேறு. மீன் கடிக்காத நாளில் எந்த ஈயும் வீண். கடிக்கிற நாளில் எந்த ஈயும் போதும். பிறகு நல்லதை எதற்கு நனைப்பது?

இந்த மே மாதச் சனிக்கிழமை ஏரிமேல் மீன்கள் தின்னும் நிஜ ஈக்கள் புகையாய் எழும்பின. ஊரே படகில். ஃபெஸ்டியும் அட்ராக்டாவும் ஒரே படகில் சாதாரணப் பொய் ஈக்களைப் போட்டே மதியத்துக்குள் கூடையைப் பாதி நிரப்பிவிட்டார்கள். ஆனால் பாறையோரம் ஒரு கிழட்டு மீன், பன்றிக்குட்டி கனம், நிஜ ஈயை மட்டும் பொறுக்கித் தின்றது. பொய் ஈயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"என்னைப் போடு அம்மணி," என்றார் ஃபெஸ்டி.

"உன்னைப் போட்டா ஏரியே காலியாயிடும்யா."

"தொப்பியில இருக்கிற என்னைச் சொன்னேன்."

அட்ராக்டா தொப்பியைக் கழற்றினாள். வழக்கமாகத் தூண்டில் நரம்பில் மேலும் கீழுமாக மூன்று ஈ தொங்கும். இதைக் கீழே கட்டினால் பாறை பிடுங்கும். மேலே கட்டினாலோ, கீழ் ஈயை வேறொரு மீன் கவ்வி, எல்லாவற்றையும் பாறைக்குள் இழுத்துப் போகும். மூன்றையும் வெட்டி எறிந்துவிட்டு, இதைத் தண்ணீர்மேல் மிதக்கும்படி ஒற்றை ஈயாகக் கட்டினாள்.

வீசினாள். ஈ அழகாய் இறங்கியது. கவ்வியது ஒரு விரல்நீளக் குஞ்சு.

"அட சனியனே! ஏழு வருஷம் உனக்காகவாடா காத்திருந்தேன்?"

ஃபெஸ்டி படகு ஆடச் சிரித்தார். குஞ்சை வைத்துக்கொள்வது சட்டப்படி குற்றம். முத்தம் கொடுத்து விட்டுவிட்டாள். மயிர் கலைந்த ஈயை ஊதி நிமிர்த்தி மறுபடி வீசினாள். பாறையோரத் தண்ணீர் பிளந்தது. அடுத்த கால்மணி நேரம் அவள் கத்தியது அக்கரைத் தேவாலயம்வரை கேட்டதாம். கைவலையில் கிழட்டு மீன் விழுந்தபோது ஈயில் மிச்சம் மூன்று மயிர். அவளுக்கு வருத்தமே இல்லை. படகில் நின்றபடியே ஆடினாள்.

"என் மீன்," என்றார் ஃபெஸ்டி.

"இது ரெண்டாவது. உன்னோட முதல் மீன் அதோ போகுது, பிடிச்சுக்கோ."

இப்போதும் கடையில் அவளுக்குச் சாசேஜ் கட்டிக் கொடுக்கும்போதெல்லாம் ஃபெஸ்டி கேட்கிறார்: "என் மீன் எப்போ?"

"வளரட்டும்யா."