முதலாம் படியிலேயே நின்ற வீரன்

லண்டன் மாமா அனுப்பிய விளையாட்டுப் புத்தகத்தை நான் யார் கையிலும் கொடுப்பதில்லை. ஊரடங்கால் பள்ளிக்கூடம் மூடிய பகல்களில் நீர்வேலியில் எங்கள் வீட்டு விறாந்தையில் கூடுவோம். அந்தப் புத்தகத்தில் உள்ளபடி ஆளுக்கொரு வீரனைக் கொப்பித் தாளில் எழுதி வைத்து, தாயக்கட்டை உருட்டிப் பூதங்களோடு சண்டை பிடிப்போம். வென்றால் புள்ளி, புள்ளி சேர்ந்தால் வீரன் ஒரு படி ஏறுவான். புள்ளி போடுபவன் நான். மச்சானின் வீரன் ஏழாம் படிக்கு வந்துவிட்டான். எங்கள் வாழைத்தோட்டத்தில் கூலிக்கு வந்தவரின் மகன் ராசனின் வீரன் முதலாம் படியிலேயே நின்றான்.

அன்று பூதத்தை விழுத்தியவன் ராசன். புள்ளியை மச்சானுக்குப் போட்டேன்.

"விழுத்தினது நானெல்லே?"

"படியிலை முன்னுக்கு நிக்கிறவனுக்குத்தான் புள்ளி. சட்டம் அப்பிடி."

அவன் புத்தகத்தைப் பறித்து வாசித்தான். வகுப்பில் ஆங்கிலத்துக்கு அவன்தான் முதல்.

"உதிலை அப்பிடியொரு சட்டம் இல்லை. உது உன்ரை சட்டம். கொம்மா எனக்கெண்டு வைச்சிருக்கிற பேணி மாதிரி."

"போடா வெளியிலை" என்றேன். தாளைக் கிழித்து என் முகத்தில் எறிந்துவிட்டுப் போனான்.

நாங்கள் கிளாஸில் தேநீர் குடிப்போம். அவனுக்குத் தகரப்பேணி, குடித்ததும் அவனே கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போவான். அன்று அது கழுவாமல் கிடந்தது. அம்மா தொடவில்லை. நானும் தொடவில்லை என்பதைத்தான் இத்தனை வருடமாக ஒருவரிடமும் சொல்லவில்லை.