இரண்டு நாள் நின்ற தண்ணீர்

அப்பாவின் சட்டையில் ஞாயிறு தவிர எல்லா நாளும் ஃபார்மலின் வாடை அடிக்கும். அம்மா எத்தனை முறை அலசிப் போட்டாலும் அது போகாது. மைசூரில் ஒரு கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் அவர் அட்டெண்டர். ஏரியிலிருந்து கோணிப்பையில் வந்து இறங்கும் தவளைகளைக் கழுவுவதும், மாணவர்கள் அறுப்பதற்கு முன் மருந்து போட்டு மயக்குவதும், அறுத்து முடித்ததைப் பின்பக்கம் கொண்டுபோய்ப் புதைப்பதும் அவர் வேலை. தொண்ணூறுகளின் நடுவில், எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, ஒரு நாள் அந்தக் கோணியிலிருந்து நான்கு தவளைகளை டிபன் கேரியரில் போட்டு மண்டி மொஹல்லாவில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஏங்க, சோறு கொண்டுபோற கேரியர்லயா?" என்று அதைத் தொடக்கூட மாட்டேன் என்றாள். அப்பா, "விடு, இந்த நாலாச்சும் பொழைச்சிட்டுப் போகட்டும்" என்றார்.

விளிம்பு உடைந்ததால் ஆய்வகத்தில் கழித்துப்போட்ட ஒரு கண்ணாடித் தொட்டி, கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. இவை தண்ணீரைவிட்டு அதிகம் வெளியே வராத ஜாதி. கண்ணையும் மூக்கையும் மட்டும் மேலே நீட்டிக்கொண்டு நாளெல்லாம் மிதக்கும். அசையாத எதையும் தின்னாது என்பதால், டாங்கா நிற்கும் இடத்தில் குதிரைச் சாணத்தைக் கிளறி நான் புழு பொறுக்கி வருவேன். புழு கிடைக்காத நாளில் ஈரல் துணுக்கை நூலில் கட்டி அதன் வாய்க்கு முன்னால் ஆட்ட வேண்டும், கை வலிக்கும்வரை ஆட்ட வேண்டும். பக்கத்து வீட்டுக் கெம்பம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "ஏனே, கப்பெகெல்லா ஊட்டா ஆய்தா?" என்று தினமும் கேட்பார். வருகிறவர் போகிறவரையெல்லாம் 'சாப்பாடு ஆச்சா' என்று விசாரிக்கிற ஊரில், தவளைகளையும் அப்படி விசாரித்தவர் அவர் ஒருவர்தான்.

அப்பா இரண்டே கட்டளை போட்டிருந்தார். ஒன்று, "பேரு மட்டும் வெக்காத, கண்ணு." (திருட்டுத்தனமாக ஒன்றுக்கு 'குண்டு' என்று வைத்திருந்தேன்.) இன்னொன்று, குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது; அதில் குளோரின் மருந்து இருக்கும், அண்டாவில் பிடித்து இரண்டு நாள் நின்ற தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். மாலையில் வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் தொட்டிக்கு முன் குந்தி உட்கார்ந்துவிடுவார். எங்களை அவர் அப்படிப் பார்த்ததே இல்லை. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. அடுத்த வாரக் கோணியில் இன்னும் இரண்டை எடுத்துவிடலாமா என்று அவர் அம்மாவிடம் கேட்டதும் ஞாபகம் இருக்கிறது.

அந்த ஆண்டு ஆயுத பூஜை வந்தது. தசராவுக்கு ஊரே வெள்ளையடித்துக்கொண்டிருக்க, அம்மா அண்டாவைக் கவிழ்த்துப் புளி போட்டுத் தேய்த்தாள். இருந்த தண்ணீரெல்லாம் வாசல் கழுவப் போயிற்று. அப்பா கல்லூரியில் கத்திக்கும் கத்தரிக்கும் இடுக்கிக்கும் பொட்டு வைத்துப் பூஜை செய்யப் போயிருந்தார். வீட்டில் தையல் மிஷினும் சைக்கிளும் அரிவாள்மணையும் குங்குமத்தோடு வரிசையில் நிற்க, தொட்டி மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. தவளைகளை வாளியில் விட்டுவிட்டு, தொட்டியைச் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தேன். குழாயைத் திறந்தேன். மருந்து வாடை குப்பென்று அடித்தது. எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். தவளைகளை அதில் விட்டு, கண்ணாடிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்து, அப்பா அசந்துபோவார் என்று காத்திருந்தேன்.

அவர் பொரியும் கடலையுமாக வந்தபோது இரண்டு தவளைகள் காலை விறைத்துக்கொண்டு வயிறு மேலாக மிதந்தன. குண்டு மறுநாள் காலை போயிற்று. கடைசித் தவளை மூன்றாம் நாள்வரை இருந்தது; நான் ஆட்டிய நூலை அது திரும்பிப் பார்க்கவில்லை.

"எந்தத் தண்ணி ஊத்துனே?" என்று அப்பா கேட்டார்.

"அண்டாத் தண்ணிதாம்ப்பா."

அம்மா சமையலறையில் இருந்தாள், நான் சொன்னது அவள் காதில் விழவில்லை. அப்பா என்னை நம்பினார். ஒவ்வொன்றாக நான்கையும் முருங்கை மரத்தடியில் புதைத்து முடித்துவிட்டு, "நாம என்ன பண்ணாலும் இதுங்க பொழைக்காது போல" என்று கையைக் கழுவினார். அதன் பிறகு அவர் எந்தக் கோணியிலிருந்தும் ஒன்றைக்கூட எடுத்து வரவில்லை. எத்தனையோ கோணிகள் வந்தன.

இப்போது கல்லூரியில் தவளை அறுப்பதில்லையாம். தவளை வந்த ஏரியில் வீடுகள் எழுந்துவிட்டன. கெம்பம்மா இல்லை, அந்த டாங்காக்கள் இல்லை, எங்கள் கொல்லையில் யாரோ மோட்டார் சைக்கிள் நிறுத்துகிறார்கள். அப்பா போய் நான்கு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கடைசி வாரம், குளுக்கோஸ் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தவர் திடீரென்று என் பக்கம் திரும்பி, "அந்த நாலையும் நாம நல்லாத்தானே பாத்துக்கிட்டோம், கண்ணு?" என்று கேட்டார்.

"ஆமாப்பா" என்றேன்.