ஆர்லிஸின் பேப்பர் கிளிப்

அமெரிக்காவின் மொன்டானாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் ஆர்லிஸ் மோவன் எதையும் மறக்கிற ரகம் இல்லை. போன கோடையில், அறுநூறு கஜத் துப்பாக்கி சுடும் போட்டியின் இறுதிச் சுற்றில், அவள் வீட்டிலேயே வெடிமருந்து அடைத்துச் சுட்ட தோட்டாவின் பித்தளை உறை துப்பாக்கிக்குள்ளேயே இரண்டாக அறுந்தது. முகத்தில் புகை அடித்தது; கண்ணாடியால் கண் தப்பியது. சங்கத்துப் பெரிய மனிதன் வெண்டல் ஓடி வந்தான். அவள் கண்ணையா பார்த்தான்? கூட்டத்தைப் பார்த்தான்.

"அடுப்படி மேஜையில தோட்டா அடைச்சா இப்படித்தான் ஆகும். துப்பாக்கிய மூட்டை கட்டும்மா!"

எல்லோரும் சிரித்தார்கள். அணியில் அவள் இடத்தையும் வெண்டலே பிடித்துக்கொண்டான்.

வீட்டில் ஒரு பேப்பர் கிளிப்பின் நுனியை வளைத்து, மிச்ச உறைகளுக்குள் விட்டுத் தடவினாள். அடிப்பக்கத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தடுக்கியது. மருந்தில் குறையில்லை. சுட்ட உறையை மறுபடி அடைப்பதற்காக அமுக்கிப் பழைய உருவத்துக்குக் கொண்டுவரும் அச்சை அளவுக்கு மீறி இறக்கியதுதான் குற்றம். அதனால் ஒவ்வொரு சூட்டிலும் உறை இழுபட்டு அடியில் மெலிந்துவிட்டது. "அச்சு அடித்தட்டுல இடிச்சப்புறம் இன்னும் கால் திருகு இறக்கு" என்று சொல்லிக் கொடுத்த மகானுபாவன் வெண்டல்தான். அளந்து பார்க்காமல் கேட்ட தன் மடத்தனத்தையும் திட்டிக்கொண்டாள்.

அவனும் அப்படித்தான் திருகுவான். மூன்று சூட்டோடு உறைகளை வீசிவிடுவதால் மாட்டவில்லை. இந்த வருஷம் கடைகளில் புது உறை கிடைக்காததால் பழையதையே திரும்பத் திரும்ப அடைத்தான். ஆர்லிஸ் போட்டிக்குப் போட்டி எண்ணிக்கொண்டே வந்தாள். இறுதிப் போட்டி அவன் உறைகளுக்கு ஐந்தாவது சூடு. அவளுடையது அறுந்ததும் ஐந்தில்தான்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று இறுதிப் போட்டியன்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் உறை அறுந்து அவன் கண் போனால் கூட்டம் அவனுக்காகப் பரிதாபப்படும். அவளுக்கு வேண்டியது அதுவல்ல. அவன் சுடுவதற்காகப் பாயில் படுத்து, முதல் தோட்டாவை எடுக்கும்வரை காத்திருந்தாள்.

"நிறுத்துங்க!"

சுடுகளத்தில் அப்படி யார் கத்தினாலும் எல்லோரும் சுடுவதை நிறுத்தி, துப்பாக்கியைத் திறந்து வைத்தாக வேண்டும். போன போட்டியில் வெண்டல் நசுங்கியதென்று எறிந்த உறையை நடுவரிடம் நீட்டினாள். கிளிப்பையும் கொடுத்தாள்.

"இது அவரோடது. உள்ள விட்டு நீங்களே தடவிப் பாருங்க."

கிளிப் தடுக்கியது. உறை கைக்குக் கை மாறியது. நடுவர் வெண்டலின் தோட்டாப் பெட்டியை மூடினார்.

"அடுப்படி மேஜையில அடைச்சீங்களோ? மூட்டை கட்டுங்க, வெண்டல்!" என்றாள் ஆர்லிஸ். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

அவன் முகம் செத்துப்போயிற்று. கிட்டே வந்து முணுமுணுத்தான்: "காலையிலயே தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே, ஆர்லிஸ்."

"போன வருஷம் நீங்களும் தனியா கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே."