வலைநூல் கட்டிய வயர்

பெருமை பேசுகிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் அந்தக் காலத்தில் ஓடிய எந்த வண்டியின் எஞ்சின் மூடியைத் திறந்தாலும், வயரில் கை வைத்தது நானா வேறு ஆளா என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். உதியன்குளங்கரை முக்கில் என் ஒர்க்‌ஷாப். வெறும் ஓலைக் கொட்டகைதான். ஆனாலும் வயர் வேலை என்றால் என்னைத்தான் தேடி வருவார்கள்.

அன்றைய வயருக்கு ரப்பர் உறை, அதற்கு மேலே நூல் பின்னல். எஞ்சின் சூட்டிலும் எண்ணெயிலும் ரப்பர் வெடித்து, உள்ளேயிருக்கும் செம்பு இரும்பில் தொட்டால் புகைதான். மற்றவர்கள் அறுந்த முனைகளை முறுக்கி, கறுப்பு டேப்பைச் சுற்றி அனுப்பிவிடுவார்கள். நான் செம்பைப் பளபளவென்று சுரண்டி, இழைகளைக் கோத்து, சிரட்டைக் கரியில் பழுக்க வைத்த இரும்பால் ஈயம் பிடிப்பேன். டேப்புக்கு மேலே, பூவார் கடற்கரையில் மீன்வலை முடைகிற நூலை மெழுகில் தோய்த்து நெருக்கமாகக் கட்டுவேன். கடைசியில் ஒரு வலைமுடிச்சு. வயரின் முனையில் மாட்டும் பித்தளை வளையத்துக்கும் ஈயம் உண்டு. சும்மா நசுக்கிவிட்டு அனுப்பும் பழக்கம் என்னிடம் கிடையாது.

எல்லைப் போராட்டம் சூடுபிடித்திருந்த சமயம் அது. எங்கள் பக்கத்துத் தாலுகாக்கள் மலையாள ராஜ்யத்தை விட்டுத் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று ஊர் ஊராகக் கூட்டம் நடந்தது. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் கொடி பிடித்துப் போனதில்லை. கூட்டங்களுக்குத் தடை போட்ட பிறகும், மேலே குழாய் ஸ்பீக்கர் கட்டிய பழைய வேன் ஒன்று செங்கல், திருப்புறம் ஊர்கள் பக்கமெல்லாம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒருநாள் அதன் டிரைவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே என்னிடம் வந்து சேர்ந்தான். மைக் செட்டுக்கான கரண்டை எஞ்சின் வயரிலிருந்தே இழுத்திருந்தான். பாரம் தாங்காமல் வயர்க்கட்டு முழுவதும் கருகிக் கிடந்தது.

"எலே மக்கா, வயர எல்லாம் சுட்டுத் தின்னுட்டியே," என்றேன்.

"எப்பிடியாவது சரியாக்கித் தாங்க அண்ணா. நாளைக்குக் கூட்டம் உண்டு."

கருகியதை வெட்டியெறிந்து புது வயர் போட்டேன். மைக் செட்டுக்குப் பாட்டரியிலிருந்து தடித்த வயரைத் தனியாக இழுத்து, ஃபியூஸும் வைத்தேன். எனக்குக் கஞ்சி கொண்டுவந்த மனைவி, வேனின் மேலிருந்த குழாயைப் பார்த்துவிட்டுப் பயந்துபோனாள்.

"இந்த வண்டிக்கு வேல செய்தவனையும் பிடிப்பாங்களாம். ஆரு கேட்டாலும் வாயத் தொறக்காதிங்க. ஒங்களுக்கு வாயடங்காது."

லாக்கப்பில் அடி விழும் என்று ஊரே நடுங்கிய காலம். எனக்கும் பயம்தான். வாயைத் திறக்க மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன்.

சில நாள் கழித்து அதே வேன் எங்கள் முக்கில் வந்து நின்றுபோனது. போலீஸ் ஜீப் பின்னாலேயே வந்ததால், உள்ளே இருந்தவர்கள் குதித்து ஓடிவிட்டார்கள். வேனை நெய்யாற்றின்கரை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோக வேண்டும். கான்ஸ்டபிள்கள் ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றிக் களைத்தார்கள். அது அசையவில்லை. சப் இன்ஸ்பெக்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

மூடியைத் திறந்தேன். என் கட்டு மெழுகு மினுங்க வைத்தது வைத்தபடி இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு கண்றாவி. எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்குப் போகிற வயர் உரசி அறுந்திருக்கிறது. டிரைவர் அதை முறுக்கிவிட்டு, புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்திரியைச் சுற்றியிருக்கிறான். அது தளர்ந்து தொங்கியது.

சப் இன்ஸ்பெக்டர் பிரம்பால் அந்தப் பிளாஸ்திரியைத் தட்டினார். "இது நின்றெ பணியாணோடா?" இது உன் வேலையா என்று மலையாளத்தில் கேட்டார்.

"இல்ல ஏமானே."

இத்தோடு நிறுத்தியிருந்தால் நான் வீட்டுக்குப் போயிருப்பேன். அவர் கான்ஸ்டபிள்களைப் பார்த்துச் சிரித்தார். "இவிடத்தெ தமிழன்மாருடெ பணி இங்ஙனெ தன்னெ." இந்த ஊர்த் தமிழன் வேலை இந்த லட்சணம்தான் என்கிறார். எனக்கு ஜிவ்வென்று தலைக்கு ஏறிவிட்டது.

"அது எனக்க வேல இல்ல ஏமானே! எனக்க வேல இந்தா, இதாக்கும்! பிடிச்சி இழுத்துப் பாருங்க. ஒரு இழ இளகினா எனக்கக் கைய வெட்டுங்க!"

சொல்லி முடித்த பிறகுதான் மனைவியின் முகம் ஞாபகத்துக்கு வந்தது.

"ஓகோ, அப்போள் நீ தன்னெ ஆள். கேறெடா வண்டியில்."

ஏறச் சொல்கிறார். ஏறலாம், வண்டி ஓட வேண்டுமே!

"இந்தப் பிளாஸ்திரிய வச்சோண்டு வண்டி நகராது ஏமானே. கொஞ்சம் நில்லுங்க," என்றேன்.

பாட்டரியைக் கழற்றினேன். ஒரு கான்ஸ்டபிள் கரியை விசிறினார். என்னை லாக்கப்புக்குக் கொண்டுபோகிற வண்டிதானே, முறுக்கிவிட்டால் போதாதா என்று ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. கை கேட்கவில்லை. சுரண்டி, கோத்து, ஈயம் பிடித்து, டேப் சுற்றினேன். சப் இன்ஸ்பெக்டர் வெயிலில் நின்று கத்திக்கொண்டிருக்க, வலைநூலையும் கட்டி முடிச்சுப் போட்ட பிறகே மூடியை மூடினேன். முதல் சுற்றிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது.

இரண்டு கான்ஸ்டபிள்களுக்கு நடுவில் என்னை உட்கார வைத்தார்கள். பயம் இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனாலும் ஒவ்வொரு ஏற்றத்திலும் காது எஞ்சின் பக்கமே போனது. அது ஒருமுறைகூடத் திக்கவில்லை.

மறுநாள் மனைவி சோற்றுப்பொதியோடு ஸ்டேஷனுக்கு வந்தாள். வீங்கியிருந்த என் கன்னத்தைக் கம்பிக்கு வெளியே நின்று பார்த்தாள்.

"வாயத் தொறக்காதிங்கண்ணு சொன்னேனா இல்லியா?"

அவள் கண்ணைத் துடைத்துவிட்டுப் பொதியை நீட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்: "வண்டி இங்க வர நிக்காம வந்துதா?"

"ஒரு எடத்திலயும் நிக்கல்ல."

அவள் வாசலில் நின்ற கான்ஸ்டபிளின் பக்கம் திரும்பினாள். ஸ்டேஷன் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்:

"கேட்டியளா? அது இவருக்க வேலயாக்கும்!"