பளிச்சென்று ஒரு மூக்கு

புருவம் திருத்துவதில் அக்காளை அடித்துக்கொள்ள அந்தத் தெருவிலேயே ஆள் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவளைப் பற்றிச் சொல்ல இருக்கும் நல்ல விஷயம் இது ஒன்றுதான். நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு குனிந்தாள் என்றால் ஐந்து நிமிஷத்தில் இரண்டு புருவமும் கோடு போட்ட மாதிரி நிற்கும். பன்னிரண்டு வருஷம் அப்படிக் குனிந்து குனிந்து, சொந்தமாக மூன்று நாற்காலி போட்டு ஒரு பார்லர் வைத்தாள். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் அவளுக்கு டாக்டராக வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

படித்து ஆவதற்கல்ல. ஒரு ஹோட்டல் ஹாலில் நடந்த இரண்டு நாள் பயிற்சியில் சேர்ந்தாள். முதல் நாள் திரையில் படம் காட்டினார்கள். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. இரண்டாம் நாள் ஒரு ரப்பர் முகத்தைக் கொடுத்து ஊசி குத்தச் சொன்னார்கள். ரப்பர் முகம் கத்தவில்லை, வீங்கவில்லை, நீலம் பாரிக்கவில்லை. சரி, நமக்குக் கை வந்துவிட்டது என்று முடிவு கட்டினாள். கடைசி அரைமணி நேரம், ஊசி தப்பான இடத்தில் இறங்கினால் என்ன செய்வது என்று ஒருவர் பேசினார். அப்போது அக்காள் சான்றிதழோடு போட்டோ எடுக்க வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே வெள்ளைக் கோட்டு வந்தது. வாசலில் புதுப் போர்டு ஏறியது. வாடிக்கைக்காரி ஒருத்தி வாய் தவறி "டாக்டர்" என்று கூப்பிட, அக்காளுக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே, ஒரே வீட்டில் இருக்கும், லீவு நாளில் கூடமாட உதவ வரும் சொந்தத் தங்கைக்கு உத்தரவு போட்டாள்.

"ஆளுங்க முன்னாடி அக்கா கிக்கான்னு கூப்பிடாதடி. டாக்டர்னு கூப்பிடு."

"எனக்கு சிரிப்பு வருமே, அக்கா."

"வந்தா அடக்கிக்கோ."

அவள் போட்ட ஊசிக்குப் பேர் ஃபில்லர். அதில் பெரிய மர்மம் எதுவுமில்லை. பெரும்பாலும் ஹையலுரானிக் அமிலம் என்று நம் தோலிலேயே இருக்கிற ஒரு வழவழப்பு. அதைக் கூழாக்கி, ஒட்டிய கன்னத்திலும் மெலிந்த உதட்டிலும் நிரப்புகிறார்கள். மாதக்கணக்கில் இருந்துவிட்டு மெல்லக் கரைந்துபோகும். தப்பித் தவறி ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் உடனே கரைக்க ஒரு மருந்தும் உண்டு. விஷயம் தெரிந்தவர்கள் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் ஊசியைத் தொட மாட்டார்கள். அக்காளின் ஃபிரிஜ்ஜில் ஃபேஷியல் கிரீமும் அறுத்து வைத்த பாதி எலுமிச்சம்பழமும் இருந்தன. சரக்கு அனுப்புகிறவன் போனில் கேட்கத்தான் கேட்டான், கரைக்கிற மருந்தும் வேண்டுமா என்று.

"வீடு கட்டுறவன் இடிக்கிற மெஷினையும் சேர்த்தா வாங்குவான்?" என்று கேட்டுத் தானே சிரித்துக்கொண்டாள்.

நாலு உதடு, இரண்டு கன்னம், எதுவும் ஆகாமல் தப்பித்தது. அது அந்த ஆறு பேரின் அதிர்ஷ்டம். அக்காள் அதைத் தன் திறமைக் கணக்கில் எழுதிக்கொண்டாள். அடுத்து மூக்கு போட வேண்டும். போர்டில் ஒட்ட, "முன்", "பின்" என்று இரண்டு படம் வேண்டும். அதற்குச் சொன்ன பேச்சைக் கேட்கிற ஒரு மூக்கு தேவைப்பட்டது.

தங்கைக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. மூக்கு கொஞ்சம் சப்பை. போட்டிருக்கும் கண்ணாடி வழுக்கி நுனிக்கு வந்துவிடும்; ஒரு விரலால் மேலே தள்ளிவிட்டுப் பேச்சைத் தொடர்வாள். அவளுக்கு அதில் ஒரு குறையும் இருந்ததில்லை.

"கண்ணாடி விக்கிறவ மூக்குலயே கண்ணாடி நிக்கல. வர்றவங்க என்னடி நினைப்பாங்க?"

"வாங்கிட்டுத்தானே போறாங்க."

"ஒரே ஒரு ஊசிடி. ஊரே மூக்குல விரல் வைக்கும் பாரு."

மூன்று மாதம் விடாமல் நச்சரித்தாள். கடைசியில் நச்சரிப்பு நின்றால் போதும் என்று தங்கை ஒரு லீவு நாள் காலையில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள்.

ஊசி இறங்கியது. மூக்குத் தண்டு எழும்பியது. கூடவே, தண்டிலிருந்து இடது பக்கம் வரை தோல் சுண்ணாம்பு பூசிய மாதிரி வெளுத்தது. விஷயம் தெரிந்த எவருக்கும் அங்கேயே வேர்த்திருக்கும். அக்காள் கை தட்டினாள்.

"பாருடி, பளிச்சுன்னு ஆயிடுச்சு! மூக்கும் தூக்கிடுச்சு, கலரும் ஏறிடுச்சு!"

ரத்தம் நின்றுபோன தோலைப் பார்த்து நிறம் கூடிவிட்டது என்று மகிழ ஒரு தனி மூளை வேண்டும். பன்னிரண்டு வருஷமாக வெளுக்கிற கிரீம் விற்றவளுக்கு வெளுப்பு என்றாலே வெற்றிதான். உடனே படமெடுத்து, "ஒரே ஊசி, இரட்டைப் பலன்" என்று போனில் போட்டுவிட்டாள்.

"அக்கா, வலிக்குது."

"அழகுன்னா கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்."

சொல்லிவிட்டு ஐஸ் வைத்தாள். ஆளுக்கு ஐஸ் வைப்பதில் அவள் கைகாரி. ஆனால் ரத்தம் போகாத இடத்தில் வைக்கவே கூடாத பொருள் அது.

இரண்டு மணி நேரத்தில் வெளுப்பின் ஓரத்தில் வலைபின்னியது போல ஊதாக் கோடுகள் வந்தன. தங்கை கண்ணாடி முன்னால் போய் நின்றாள். கடையில் ஃபிரேமைப் போட்டுப் பார்க்கிறவர்கள் கழற்றியதும், அது அழுத்திய இடம் வெளுத்திருக்கும்; ஒரு கணத்தில் சிவந்துவிடும். நாளுக்கு முப்பது நாற்பது மூக்கில் அதைப் பார்க்கிறவள் அவள். தன் மூக்கை விரலால் அழுத்தி எடுத்தாள். காத்திருந்தாள். மறுபடி அழுத்தினாள்.

"சிவக்கல, அக்கா," என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

அதே கட்டடத்தின் மாடியில் ஒரு தோல் டாக்டர் இருந்தார், நிஜ டாக்டர். அக்காள் ஓடிப்போய் வாசலை மறித்தாள்.

"மேல மட்டும் போகாதடி. அந்தம்மா நாளைக்கே போர்டைக் கழட்ட வச்சிடுவா. என் மானமே போயிடும்."

"உன் மானம் போர்டுல இருக்கு. என் மூக்கு மூஞ்சியில இருக்கு. நகரு."

மாடி டாக்டரம்மா வெட்டு ஒன்று துண்டு இரண்டு பேர்வழி. அடைப்பு கண் வரைக்கும் போகக்கூடியது என்பதால், முதலில் தங்கையிடம் கண் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டார். தெரிகிறது என்றதும்தான் மூக்கை அழுத்திப் பார்த்தார். பிறகு, பின்னாலேயே வந்து நின்ற வெள்ளைக் கோட்டிடம் திரும்பினார்.

"என்ன மருந்து போட்டீங்க?"

"வெளிநாட்டு மருந்து, டாக்டர்."

"எந்த நாடுன்னு கேக்கல. ஊசிக்குள்ள என்ன இருந்தது? ஹையலுரானிக்னா கரைச்சிடலாம். வேற ஏதாவதுன்னா என்கிட்ட இருக்கிற மருந்து அதைத் தொடக்கூடச் செய்யாது."

அக்காளுக்குத் தெரியாது. வாடிக்கைக்காரிகள் பேரைப் பார்த்துப் போனில் தேடிவிடக் கூடாது என்று, ஊசியை வெளியே எடுத்ததுமே லேபிளைச் சுரண்டி, டப்பாவைக் குப்பையில் போட்டுவிடுவாள். இத்தனை நாளும் அதைத் தன் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தாள். இப்போது தங்கையின் மூக்கு அழுகி விழுமா பிழைக்குமா என்பது அவள் சுரண்டிப்போட்ட காகிதத்தில் இருந்தது.

"நான் கரைக்க ஆரம்பிக்கிறேன். நீங்க போய் டப்பாவைத் தேடுங்க," என்றார் டாக்டரம்மா.

கீழே, காத்திருந்த இரண்டு பேர் பார்க்கப் பார்க்க, வெள்ளைக் கோட்டோடு குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்தாள். வெட்டிய முடி, ரோமம் ஒட்டிய மெழுகுத் துணி, பஞ்சு, பிழிந்த எலுமிச்சைத் தோல். முட்டி போட்டு ஒவ்வொன்றாக விலக்கினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அவளுக்குத் தன் கையைப் பார்த்தே பயம் வந்தது. அடியில் நசுங்கிக் கிடந்தது டப்பா. ஹையலுரானிக் என்று எழுதியிருந்தது. டப்பாவில் எழுதியதை நம்பலாமா என்பது வேறு விஷயம். அதைக் கட்டிக்கொண்டு அழுதபடியே மாடி ஏறினாள்.

டப்பா பொய் சொல்லவில்லை. சாயங்காலம் வரை மூன்று தடவை கரைக்கிற ஊசி போட்டு, வெந்நீர்த் துணி ஒற்றி, அழுத்தி அழுத்திப் பார்த்து, மெல்ல மெல்லச் சிவப்பு திரும்பியது. எழும்பிய தண்டும் கரைந்து பழைய சப்பை மூக்கு வந்தது. ஆனால் இடது பக்கம், மிளகளவு ஓரிடம் கறுத்து, பொருக்குத் தட்டி உதிர்ந்து, குழியாக நின்றுவிட்டது. சரியாகக் கண்ணாடி உட்காருகிற இடம். இப்போதெல்லாம் தங்கை கண்ணாடியைக் கழற்றும்போது ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வாள்.

போர்டு இறங்கியது. கோட்டு அலமாரிக்குள் போனது. "இப்பல்லாம் அந்த ஊசிக்கு மவுசு இல்ல" என்று கேட்டவர்களிடம் கூசாமல் சொல்லிவிட்டு, அக்காள் மறுபடி நூலைப் பல்லில் கடித்தாள்.

இரண்டு மாதம் கழித்துத் தங்கை பார்லருக்கு வந்தாள். நாற்காலியில் இருந்த ஒருத்தி சும்மா இருக்காமல், "மூக்குல என்னங்க தழும்பு?" என்றாள்.

"சின்ன வயசுல விழுந்துட்டா," என்று அக்காள் முந்திக்கொண்டாள்.

"இல்லீங்க," என்றாள் தங்கை நிதானமாக. "ஊசி போட்டதுல வந்தது. இதோ, டாக்டர் போட்டாங்க. என்ன டாக்டர்?"

நூல் அறுந்தது. வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்றுதான் அக்காள் நினைத்தாள். அன்று மாலை சமையலறையிலிருந்து குரல் வந்தது. "டாக்டர், சாப்பிட வாங்க." கூடத்தில் வேறு யாரும் இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளை அக்கா என்று கூப்பிட ஆள் இல்லை.