பிளக் இல்லாத பெட்டி

ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்கிறவரை அந்தத் தெரு கூலிங் என்றுதான் கூப்பிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே சில நாள் மறந்துபோகும். பட்டறைச் சுவரோரம் செத்த ஃப்ரிட்ஜ்கள், பல் டாக்டரிடம் வந்தவர்கள் மாதிரி வாயைத் திறந்துகொண்டு வரிசையாக நிற்கும். அதனாலோ என்னவோ, அவருக்கு எந்த ஃப்ரிட்ஜின் மேலும் நம்பிக்கை கிடையாது. புதிதாக வாங்கியவர்களிடமும் "இன்னிக்கு ஓடுது, அவ்வளவுதான் சொல்லலாம்" என்பார். வீட்டில் மீந்த சாப்பாட்டை உள்ளே வைக்க விடமாட்டார். தானே சாப்பிட்டுவிடுவார். தொப்பை அதற்குச் சாட்சி.

இப்படிப்பட்டவருடைய பிள்ளை உறைநிலைப் பெட்டியில் இருந்தது.

கல்யாணமாகி வருஷங்கள் ஓடின. "ஏதாவது விசேஷமா?" என்று கேட்டவர்கள் கேட்டுக் களைத்து, தங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசப் போய்விட்டார்கள். கடைசியில் டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார். மருந்துக் கடையில் வேலை பார்க்கும் கூலிங்கின் மனைவிக்குக் கருக்குழாய் இரண்டிலும் அடைப்பு.

"அடைப்புதானே மேடம்? பிரஷர் வச்சு ஊதினா வந்துடுமே" என்றார் கூலிங்.

மனைவி அவர் காலை மிதித்தாள்.

"இது கெட்டுப்போன குழாய். ஊதினாலும் வேலைக்கு ஆகாது. அதனால குழாயை விட்டுட்டுச் சுத்திப் போறோம். ஊசி போட்டு முட்டைகளை வளர்த்து வெளியே எடுப்போம். உங்க விந்தணுவோட லேப்ல சேர்ப்போம். கரு உருவாகிச் சில நாள் வளர்ந்ததும் கர்ப்பப்பையில கொண்டுபோய் வைப்போம்."

"பைபாஸ் லைன்" என்றார் கூலிங், நிம்மதியாக.

"அப்படியே வச்சுக்குங்க. ஆனா வச்சதெல்லாம் ஒட்டும்னு கேரண்டி கிடையாது."

"நானும் யாருக்கும் கேரண்டி தர்றதில்ல மேடம்."

கூடவே வந்திருந்த மாமியாருக்கு வேறு கவலை. "வெளியில சேர்த்தா பிள்ளை யார் ஜாடையில இருக்கும் மாப்பிள்ளை? டாக்டரம்மா ஜாடை வந்துடாதே?"

"வந்தா நல்லதுதானே அத்தை. படிப்பாவது வரும்."

தினமும் மனைவியின் வயிற்றில் ஊசி. போடக் கற்றுக்கொண்டவர் கூலிங். கத்தியதும் அவர்தான்.

எடுத்த முட்டைகளில் தேறியது இரண்டு கரு. ஒன்றை வைத்தார்கள். காத்திருந்தார்கள். ரத்தப் பரிசோதனை இல்லையென்று சொல்லிவிட்டது. மனைவி அழவில்லை. அன்றைக்கும் கடைக்குப் போனாள். இருமல் மருந்து கேட்டவரிடம் பேதி மாத்திரையைக் கொடுத்து, திட்டு வாங்கிக்கொண்டு வந்தாள்.

இன்னொன்றை உறைய வைத்திருந்தார்கள். அதை எப்போது வைக்கலாம் என்று கேட்டால் மனைவியிடம் ஒரே பதில்தான்.

"இருக்கட்டுங்க. அங்க இருக்கிற வரைக்கும் எனக்குன்னு ஒண்ணு இருக்கு. வச்சு, அதுவும் போச்சுன்னா?"

பெட்டிக்குள் கிடப்பதை நம்பி ஒருத்தி 'இருக்கு' என்கிறாளே என்று கூலிங்குக்குத் தூக்கம் பிடிக்காது.

ஒரு மதியம் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துப் பாதி ஊருக்குக் கரண்ட் போனது. கூலிங்கின் போன் அலறியது. ஐஸ்கிரீம் கடைக்காரர் கெஞ்சினார். இறைச்சிக் கடைக்காரர் மிரட்டினார். அவர் யாருக்கும் பிடி கொடுக்கவில்லை. வாடகைக்கு விடும் ஜெனரேட்டரைச் சரக்கு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் பறந்தார்.

வரவேற்பில் இருந்த பெண் டூல் பையைப் பார்த்ததும் மலர்ந்தாள். "அப்பாடா! வாட்டர் கூலருக்குத்தானே? சொல்லி எவ்வளவு நாளாச்சு!"

"ஆமா" என்றார் கூலிங். நேரே உள்ளே போனார். லேப் வாசலில், தலைக்கு உறை போட்ட ஓர் அம்மா வழிமறித்தார்.

"வாட்டர் கூலர் அந்தப் பக்கம்."

"இல்லைங்க. எங்களோடது உள்ள இருக்கு. ஜெனரேட்டர் கொண்டுவந்திருக்கேன்."

அந்த அம்மா அவரை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "எங்களுக்கே ஜெனரேட்டர் இருக்கு. உங்களோடதுக்குக் கரண்டே வேண்டாம். செருப்பைக் கழட்டிட்டு இந்தக் கண்ணாடி வழியா பாருங்க."

இடுப்புயரத்தில் பால் கேன் மாதிரி ஒன்று நின்றது. கூலிங் அதைச் சுற்றிலும் தேடினார்.

"பிளக் எங்கங்க?"

"கிடையாது."

"கம்ப்ரஸர்?"

"அதுவும் கிடையாது. பெரிய பிளாஸ்க்தான். உள்ள திரவ நைட்ரஜன். மைனஸ் நூத்தித் தொண்ணூத்தாறு."

கூலிங் தன் வாழ்நாளில் தொட்ட குளிர் மைனஸ் இருபத்தைந்து. அதற்கே அவரைத் தெரு கொண்டாடியது.

"லீக் ஆனா?"

"கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். அளந்து பார்த்து ஊத்திக்கிட்டே இருப்போம். குறைஞ்சா அலாரம் அடிக்கும்."

"எத்தனை வருஷம் தாங்கும்?"

"எத்தனை வருஷமானாலும். அதுக்கு வயசாகாது சார். உங்க ரெண்டு பேருக்குத்தான் ஆகும்."

கூலிங் வீடு திரும்புவதற்குள், கரண்ட் போனதும் அவர் மருத்துவமனைக்கு ஓடியதும் அங்கே தெரிந்துவிட்டிருந்தது. மாமியார் அவரைச் சமையலறைக்குள் இழுத்தார்.

"மாப்பிள்ளை, இதைவிட்டா சமயம் கிடைக்காது. பெட்டி இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. ஃப்ரிட்ஜ் விஷயத்துல நீங்க எது சொன்னாலும் நம்புவா. உடனே வச்சுக்கச் சம்மதிப்பா."

உண்மைதான். ஒரு வார்த்தை போதும். மனைவி கடையிலிருந்து ஓடிவந்து மூச்சிரைக்க நின்றாள்.

"என்னங்க, பெட்டி எப்படி இருக்கு?"

கூலிங் டூல் பையைக் கீழே வைத்தார். "நான் பார்த்ததுலயே நல்ல பெட்டி. எத்தனை வருஷம் வேணாலும் இருக்கும். அவசரமே இல்ல."

மாமியார் தலையில் அடித்துக்கொண்டார்.

"ஆனா நமக்கு வயசாகுமாம்" என்றார் கூலிங். "வச்சா போயிடுமோன்னு எனக்கும் பயம்தான். அதுக்கு என்கிட்ட டூல் இல்ல."

மனைவி சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"அப்போ அது பாட்டுக்கு அங்க இருக்கும். நாம கோல் ஊனிக்கிட்டு வருஷா வருஷம் போய் எட்டிப் பார்த்துட்டு வரணுமா?"

"எட்டித்தான் பார்க்கலாம். உள்ள விடமாட்டாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு அழுகையும் வந்ததில் மூக்கு ஒழுகியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போன் போட்டாள்.

"எங்களோடது ஒண்ணு அங்க இருக்கும்மா. வச்சுக்கலாம்னு இருக்கோம். எப்ப வரலாம்?"

"பார்சல் எடுக்கப் போற மாதிரி கேக்கறா பாரு" என்றார் மாமியார்.

மறுமுனையில் ஏதோ சொன்னார்கள். அவள் "சரி" என்றாள். மறுபடியும் "சரி" என்றாள். போனை வைத்த பிறகும், யாருக்கென்று தெரியாமல், "சரி" என்றாள்.